பித்துக் கதைய காமிக்ஸ் ஆக்கும்போது படம் யாருக்கு சாட்சி சொல்லணும்?

கேள்வி இதுதான்: பெங்களூர்ல அனிமேஷன் படிக்கிற ஒருத்தங்க, ஏதோ ஒண்ணுல பித்துப் பிடிச்சு அதுலயே முங்கிப்போற மனுஷங்களப் பத்தின இலக்கியச் சிறுகதைகள எடுத்து ஃபைனல் இயர் ப்ராஜெக்டா காமிக்ஸ் பண்ண நினைக்கிறாங்க. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவோட 'டெல் டேல் ஹார்ட்' கதைய வரைஞ்சும் பாத்துட்டாங்க. படிச்சவங்க எல்லாரும் "ட்ராயிங் சூப்பர், ஆனா கதைய படிச்சப்ப வந்த படபடப்பு இதுல வரல"ன்னு சொல்றாங்களாம். எங்க சறுக்குது, வேற எந்தக் கதைய எடுக்கலாம், தமிழ்க் கதை பண்ணலாமா, கதைய அப்படியே பெங்களூருக்குக் கொண்டு வந்துடலாமா, இவ்வளவும் ஒரே மூச்சுல கேட்டிருக்காங்க.

நான் இங்க விளம்பரப் படங்களுக்கு ஸ்டோரிபோர்ட் (எடுக்கப்போற காட்சிகள முன்கூட்டியே வரிசையா வரைஞ்சு வைக்கிறது) போடுற ஆளு, காமிக்ஸ் படிக்கிறது சின்ன வயசுலேர்ந்து தொத்திக்கிட்ட வியாதி. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

உங்க பக்கங்கள நான் பாக்கல. ஆனா இந்த மாதிரி கதைய எடுக்கிற நிறைய பேரு மொத தடவ பண்றது ஒண்ணுதான், கதையில இருக்கிற வாக்கியத்தத் தூக்கி கேப்ஷன் பெட்டியில (படத்துக்கு மேல கதைய சொல்ற வரி வர்ற கட்டம்) போடுறது, பெட்டிக்குக் கீழ அந்த வாக்கியம் சொல்றதையே வரையிறது. "மெதுவா கதவத் திறந்தேன்"னு பெட்டியில இருக்கும், கீழ ஒருத்தன் மெதுவா கதவத் திறந்துட்டு நிப்பான். அம்புலிமாமா படம் மாதிரி ஆயிடும். நம்ம ஊர்ல 1972ல முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்ச காலத்துலேர்ந்தே கேப்ஷன் நிறைய இருக்கிற காமிக்ஸ படிச்சுத்தான் வளந்தோம், அந்தப் பழக்கம் கையில ஊறிக் கிடக்கு, சாகசக் கதையில அது பெருசா உறுத்தாது. பித்துக் கதையில கொன்னுடும்.

ஏன் கொல்லுதுன்னு பாத்தா, இந்தக் கதைகள்ல முக்கால்வாசி "நான்"னு ஆரம்பிக்கிற கதைங்க. ஒருத்தன் பேசுறான், நாம கேக்குறோம். அவன் சொல்றது வாக்குமூலம் மாதிரி, நம்பலாம், நம்பாம இருக்கலாம், பாதி நம்பிட்டு பாதி சந்தேகத்தோட அவன் கூடவே போகலாம். படபடப்பு வர்றதே அந்த சந்தேகத்துலதான். அவன் சொன்னத நீங்க வரைஞ்ச உடனே சந்தேகம் செத்துப்போச்சு, ஏன்னா படத்த வாசகர் சந்தேகப்பட மாட்டார். எழுத்துல "அந்தக் கிழவனோட கண்ணு கழுகுக் கண்ணு மாதிரி இருந்துச்சு"ன்னா அது அவனோட பிரமையா இருக்கலாம். நீங்க கழுகுக் கண்ண வரைஞ்சுட்டா, அட ஆமா, நிஜமாவே பயங்கரமான கண்ணுதான், எனக்கே ஒரு மாதிரி இருக்குன்னு வாசகர் அவன் பக்கம் போய் உக்காந்துடுவார். அதுக்கப்பறம் அது பைத்தியத்தோட கதை கிடையாது, சாதாரண பேய்க் கதை. அதனால பென்சிலக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இந்தப் புத்தகத்துல படம் யாருக்கு சாட்சி? அவனுக்கா, அவனுக்கு எதிராவா, இல்ல பாதிவரைக்கும் அவன் பக்கம் நின்னுட்டு ஒரு கட்டத்துல பல்டி அடிக்கப் போகுதா?

போ கதையவே எடுத்துப்போம், உங்களுக்குத் தெரிஞ்ச கதை, இங்க படிக்கிற மத்தவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 1843ல வந்தது. ஒருத்தன் ஒரு கிழவரோட ஒரே வீட்டுல இருக்கான். கிழவர் மேல அவனுக்குக் கோவம் கிடையாது, அவர் காசு மேல ஆசை கிடையாது, அவர ரொம்பப் புடிக்கும்னுகூட சொல்றான். ஆனா அவரோட ஒரு கண்ணு, வெளிறின நீலத்துல மேல ஒரு படலம் மூடின கண்ணு, அது தாங்கல. ஏழு ராத்திரி தொடர்ந்து நடுராத்திரியில அவர் ரூம் கதவத் திறந்து லாந்தர் வெளிச்சத்த ஒரு நூல் அளவுக்குக் கண்ணு மேல விடுறான், கண்ணு மூடியே இருக்கு, அதனால ஒண்ணும் பண்ண முடியல. எட்டாவது ராத்திரி கண்ணு திறந்திருக்கு. கொன்னு தரைப் பலகைக்கு அடியில போட்டுடுறான். மூணு போலீஸ்காரங்க வர்றாங்க, அந்தப் பலகை மேலயே நாற்காலி போட்டு உக்காந்து பேசுறான், அடியிலேர்ந்து இதயம் துடிக்கிற சத்தம் அவனுக்கு மட்டும் கேக்குது, கடைசியில அவனே கத்தி மாட்டிக்கிறான்.

இதுல ஏழு ராத்திரிய எப்படி வரைஞ்சீங்க? "ஏழு ராத்திரி இப்படியே போச்சு"ன்னு ஒரு கேப்ஷன்ல முடிச்சிருந்தீங்கன்னா அங்கயே கதை போச்சு. எழுத்துல "ஏழு ராத்திரி"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போகலாம், காமிக்ஸ்ல அந்த ஏழும் ஒரே பக்கத்துல கண்ணு முன்னாடி ஒண்ணா நிக்க முடியும், சினிமாவாலகூட முடியாத வேலை இது, அங்க ஒண்ணு போனாத்தான் அடுத்தது வரும். நானா இருந்தா வலதுகைப் பக்கம் முழுக்க ஏழு பட்டையான பேனல் (ஒரு படம் அடங்குற கட்டம்) போடுவேன், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, எல்லாத்துலயும் அதே இருட்டு, அதே நூல் வெளிச்சம், அதே மூடின இமை. வார்த்தையே கிடையாது. எட்டாவது பேனல் பக்கத்தத் திருப்பினாத்தான் வரும். இங்க டிஜிட்டல்ல வரையிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ஒரு பேனல வரைஞ்சு ஏழு தடவ காப்பி பேஸ்ட் பண்ணிடாதீங்க. ஒரே படம்னு தெரிஞ்ச உடனே கண்ணு மூணாவதுலேர்ந்து தாவி கீழ போயிடும். ஏழையும் கையால திரும்ப வரைங்க, இமையோட சுருக்கம் ஒரு மயிரிழை மாறட்டும், போர்வை மடிப்பு கொஞ்சம் நகரட்டும். அப்ப வாசகர் ஒவ்வொரு பேனலா நின்னு என்னமோ மாறியிருக்கே, என்னதுன்னு தேடுவார். கதவுக்கு வெளிய நின்னுட்டு அவன் பண்றதும் அந்த வேலையத்தான்.

எட்டாவது ராத்திரி லாந்தரத் திறக்கப்போகும்போது அவன் கட்டைவிரல் தகரக் கொக்கியில வழுக்கி சத்தம் வந்துடும், கிழவர் எழுந்து உக்காந்து "யாரது"ம்பார். அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் அசையாம இருட்டுல இருக்காங்க. இத நிறைய பேரு சுவர்க் கடிகாரம் வரைஞ்சு முள்ள நகத்திக் காட்டுவாங்க, வேணாம். ரூம்ல ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, கதையிலயே அப்படித்தான். அதனால முழுக் கறுப்பா பேனல் விடுங்க, ஒரு பக்கம் முழுக்க. எந்தப் பேனலுக்குள்ளயும் ஒண்ணும் இல்ல, எங்கயோ ஒண்ணுல மட்டும் சின்ன எழுத்துல ஒரு முனகல். வெறும் கறுப்பத் தாண்டிப் போக வாசகருக்கு எவ்வளவு நேரம் ஆகுதோ அதுதான் அந்த ஒரு மணி நேரம். அர்ஜென்டினாவுல ஆல்பர்ட்டோ பிரெச்சியா எழுபதுகள்ல இதே கதைய பண்ணியிருக்கார். சுத்தக் கறுப்பு சுத்த வெள்ளை, நடுவுல சாம்பலே கிடையாது, அதே உருவத்த திரும்பத் திரும்ப போட்டு, ஒவ்வொரு தடவையும் இம்மியளவு மாத்தி மூச்சு முட்ட வச்சிருப்பார். தேடிப் பாருங்க. பயமுறுத்துற மாதிரி ஒரு முகத்தக்கூட பெருசா மெனக்கெட்டு வரைஞ்சிருக்க மாட்டார்.

அப்பறம் அந்த இதயச் சத்தம். இதுலதான் எல்லாரும் விழுறாங்க. தரைக்கு அடியிலேர்ந்து பெருசு பெருசா "திக் திக்"னு எழுத்து எழும்பி வர்ற மாதிரி வரைவாங்க, பாக்க ஜோராத்தான் இருக்கும், ஆனா காமிக்ஸ்ல பேனலுக்குள்ள எழுதின சத்தம்னா அது எல்லாருக்கும் கேக்குற சத்தம்னுதான் அர்த்தம். அப்ப போலீஸ்காரனுக்கு மட்டும் ஏன் கேக்கல, செவிடான்னு வாசகர் கேப்பார்ல? ஒரு வழி, சத்த எழுத்து அவன் மட்டும் இருக்கிற பேனல்ல வரணும், போலீஸ்காரங்க இருக்கிற பேனல்ல துளிகூட வரக்கூடாது, கட் ஆகிக் கட் ஆகி போகணும். இன்னொரு வழி எனக்கு இன்னும் புடிச்சது, எழுத்தே போடாம பேனல் அகலத்தையே துடிப்பாக்குறது, ஒரு குறுகல் ஒரு அகலம் ஒரு குறுகல் ஒரு அகலம், போகப் போக எல்லாமே குறுகல். சத்தம்னு ஒரு எழுத்துகூட இருக்காது, ஆனா படிக்கிறவர் வேகம் தானா ஏறும்.

கேப்ஷன முழுசா தூக்கிடுங்கன்னு நான் சொல்லல. அவன் குரல்தான் கதை, அது வேணும். ஆனா குரலும் படமும் ஒரே விஷயத்த சொல்லக்கூடாது. அவன் மொத வரியிலேர்ந்தே நான் பைத்தியம் இல்ல, பாருங்க எவ்வளவு நிதானமா சொல்றேன்னு பீத்திக்கிறான். அப்ப கேப்ஷன் பெட்டி எல்லாம் ஸ்கேல் வச்சு அடிச்ச மாதிரி, ஒரே சைஸ்ல, ஒரே இடத்துல, சுத்தமா இருக்கட்டும். போகப் போக அந்தப் பெட்டி நகர ஆரம்பிக்கணும், நாம எதப் பாக்கணும்னு ஆசைப்படுறோமோ சரியா அதுக்கு மேலயே வந்து உக்காரணும். கொலை நடக்கிற பேனல்ல கட்டில் மேல பெட்டி. பலகைய மூடுற பேனல்ல பலகை மேல பெட்டி. அவன் எவ்வளவு பேசுறானோ அவ்வளவு மறைக்கிறான்னு நீங்க எங்கயும் எழுதவே வேணாம்.

கதைய பெங்களூருக்கு மாத்துறது பத்திக் கேட்டீங்க. மாத்தலாம், தாராளமா. ஆனா மாத்தும்போது வேற ஏதேதோ உடையும், அதப் பாத்துக்கணும். உதாரணத்துக்கு அல்சூர்லயோ காக்ஸ் டவுன்லயோ ஒரு பழைய வீடுன்னு வச்சுக்கோங்க, தரை ரெட் ஆக்ஸைடு, பலகையே கிடையாது, எங்க ஒளிப்பான்? சம்ப் இருக்கே. போர்ட்டிகோவுல கார் நிறுத்துற இடத்துக்கு அடியில, மேல இரும்பு மூடி போட்ட தண்ணித் தொட்டி, பெங்களூர்ல இது இல்லாத தனி வீடு கம்மி. அந்த மூடிக்கு மேலயே பிளாஸ்டிக் சேர் போட்டு போலீஸ்காரங்கள உக்கார வச்சு காபி குடுக்கட்டும். பக்கத்து வீட்டுல மோட்டார் ஓடும்ல, அந்த உறுமல் தரை வழியா வரும், நின்னு நின்னு ஓடும். சத்தத்துக்கு நிஜமாவே ஒரு காரணம் இருக்கு, ஆனா அவனுக்குக் கேக்குறது அதுதானான்னு தெரியாது. அடியில கிடக்கிறது போதாதுன்னு காவேரித் தண்ணி விடுற நாள் வேற, தண்ணி உள்ள விழ ஆரம்பிக்குதுன்னு வைங்க. போ எழுதாத ஒரு பயம் இலவசமா கிடைக்கும்.

ஆனா ஒண்ணு, தயவு செஞ்சு கிழவர ஹவுஸ் ஓனராவும் அவன டெனன்டாவும் ஆக்கிடாதீங்க, ரொம்ப ஈஸியா கைக்கு வர்ற ஐடியா அதுதான். பத்து மாச அட்வான்ஸ்னு ஒண்ணு இருக்கிற ஊர்ல டெனன்ட் ஓனரக் கொன்னான்னு சொன்னா, படிக்கிற அத்தன பேரும் "அட்வான்ஸ திருப்பித் தரல போல, நியாயந்தான்"னு தலைய ஆட்டிடுவாங்க. காரணம் கிடைச்சுடுச்சுன்னா பித்து போயிடும். காரணமே இல்லன்னு போ அவ்வளவு அழுத்திச் சொல்றது அதுக்குத்தான். தூரத்து சொந்தம், பெரியப்பா முறை, பாத்துக்க ஆள் இல்ல, இவன் வந்து தங்கியிருக்கான், அந்த மாதிரி வைங்க. பெரியப்பா பெரியப்பான்னு பாசமா கூப்பிட்டு ராத்திரி மாத்திரை எடுத்துக் குடுக்கிறவன் பண்ணாத்தான் வயித்தக் கலக்கும்.

படம் பக்கம் மாறுறதுன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு ஒரு புத்தகத்த கண்டிப்பா பாக்கணும், பால் ஆஸ்டரோட 'சிட்டி ஆஃப் கிளாஸ்'. மூலம் 1985ல வந்த நாவல், சிறுகதை கிடையாது, ஆனாலும் பாடம் இதுலதான் இருக்கு. 1994ல பால் கராசிக்கும் டேவிட் மஸுக்கெல்லியும் காமிக்ஸா பண்ணாங்க. மஸுக்கெல்லி அதுக்கு முன்னாடி பேட்மேன் எல்லாம் வரைஞ்சவர், ஆக்‌ஷன்ல கை தேர்ந்த ஆளு, இங்க கைய அப்படியே கட்டிப் போட்டுட்டார். பக்கத்துக்கு ஒன்பது பேனல், மூணுக்கு மூணு, அந்தக் கட்டம்தான் புத்தகம் முழுக்க அடிப்படை. ஒரு எழுத்தாளன் ராங் நம்பர் கால் ஒண்ண நம்பி துப்பறிவாளன் மாதிரி நடிக்க ஆரம்பிச்சு, ஒரு கிழவர தெருத்தெருவா பின்தொடர்ந்து, கடைசியில தானே இல்லாமப் போறான். அந்த ஒன்பது கட்டம் ஒரு நேரம் ஜன்னல் மாதிரி தெரியும், ஒரு நேரம் ஜெயில் கம்பி மாதிரி, அவன் சிதையச் சிதைய கட்டமே சாஞ்சு கழண்டு போகும். இன்னொரு இடத்துல மனசு பாதிச்ச ஒரு பையன் பக்கம் பக்கமா பேசுவான். பேச்சு பலூனோட வால் அவன் வாய்க்குள்ள, தொண்டைக்குள்ள இறங்கி எங்கெங்கயோ போயிடும், பேசுறது அவனா, அவனுக்குள்ள இருக்கிற வேற எதுவோவான்னு தெரியாது. நாவல்ல வெறும் பேச்சா இருக்கிற இடத்துக்கு அவங்க கண்டுபுடிச்ச பதில் அது. பேசுறவன் மூஞ்சிய மட்டும் பக்கம் பக்கமா வரைஞ்சிருந்தா தூக்கம் வந்திருக்கும்.

படம் சாட்சி ஆயிட்டா என்ன ஆபத்துங்கிறதுக்கு ஜப்பான் எழுத்தாளர் எடோகாவா ரன்போவோட 'ஹியூமன் சேர்' கதை, 1925. ஒரு பெண் எழுத்தாளருக்கு ஒரு லெட்டர் வருது, நாற்காலி செய்யிற ஆசாரி ஒருத்தன் எழுதியிருக்கான், தான் செஞ்ச பெரிய கைவச்ச நாற்காலிக்குள்ள தானே ஒளிஞ்சு உக்காந்து, மேல உக்கார்றவங்க உடம்ப தோல் வழியா உணர்றதுலயே பித்தாகி வாழ்றதா. அது இப்ப அந்த அம்மா உக்காந்திருக்கிற நாற்காலிதானோன்னு முதுகு சில்லுன்னு ஆகும்போது இன்னொரு லெட்டர் வரும், அனுப்பினது ஒரு கதைதான், படிச்சுட்டு அபிப்பிராயம் சொல்லுங்கன்னு. நீங்க அவன் நாற்காலிக்குள்ள மடங்கி உக்காந்திருக்கிறத தெளிவா வரைஞ்சுட்டீங்கன்னா அந்த ரெண்டாவது லெட்டருக்கு வேலையே இல்ல, இல்லன்னா வாசகர ஏமாத்தின மாதிரி ஆகும். ஜூன்ஜி இட்டோ இத மாங்காவா, அதாவது ஜப்பான் காமிக்ஸா பண்ணியிருக்கார், அவர் வழி வேற, அவருக்கு உடம்பு பயம்தான் கதை. நீங்க பண்ணா, வரையிறது லெட்டர் படிக்கிற அம்மாவையும் அந்த நாற்காலியையும் மட்டும், உள்ள இருக்கிறத ஒரு பேனல்லகூட காட்டாம பண்ணிப் பாருங்க.

மொத முயற்சிக்கு "நான்" கதையே வேணாம்னுதான் சொல்வேன். ரஷ்ய எழுத்தாளர் கோகோலோட 'ஓவர்கோட்' எடுங்க, 1842. அகாகி அகாகியேவிச்னு ஒரு ஏழை குமாஸ்தா, கோட்டு கிழிஞ்சு போச்சு, தையக்காரன் புதுசு தெச்சே ஆகணும்ங்கிறான், 80 ரூபிள், கையில 40தான் இருக்கு. மிச்சத்துக்கு சாயங்கால டீய விடுறான், துணி துவைக்கப் போடுறதக் குறைக்கிறான், செருப்பு தேயாம இருக்க தெருவுல நுனிக்கால்ல நடக்கிறான், ராத்திரி மெழுகுவத்தி ஏத்துறதில்ல, வேலை இருந்தா வீட்டுக்கார அம்மா ரூமுக்குப் போய் அவங்க வெளிச்சத்துல எழுதுறான். இந்த மெழுகுவத்தி ஒண்ணு போதும் உங்களுக்கு. அவன் சேக்க ஆரம்பிச்ச பக்கத்துலேர்ந்து அவன் ரூம் பேனல்ல கறுப்பு மை ஏறிக்கிட்டே போகட்டும், அவன் உருவமே தெரியாத அளவுக்கு, ஆனா மனசுல மட்டும் கோட்டு, அது நல்ல வெளிச்சமா. கோட்டு வர்ற நாள்ல பக்கமே வெளுக்கணும். திருடன் புடுங்கிட்டுப் போற மைதானத்துல மறுபடி கறுப்பு. இங்க சொல்றவர் வெளியில நின்னு லேசா சிரிச்சுக்கிட்டே சொல்றார், அதனால படம் யாருக்கு சாட்சிங்கிற தலைவலி பாதி குறைஞ்சுடும்.

இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் புஷ்கினோட 'ஸ்பேட் ராணி'யும் அப்படித்தான், 1834. ஹெர்மன்னு ஒரு ஆபீசர், மூணு, ஏழு, ஏஸ், இந்த மூணு சீட்டு ஜெயிக்கும்ங்கிற ரகசியம் கிடைச்சதுக்கப்பறம் ஒல்லியா ஒரு பொண்ணப் பாத்தா ஹார்ட் மூணு மாதிரி இருக்காங்கிறான், மணி கேட்டா ஏழுக்கு அஞ்சு நிமிஷம்ங்கிறான், தொப்பை வச்ச ஆளெல்லாம் அவனுக்கு ஏஸ். எழுதினவரே ஸ்டோரிபோர்ட் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கார். கடைசியில ஏஸுன்னு நினைச்சுத் திருப்பின சீட்டு ஸ்பேட் ராணியா இருக்கும், அவ கண்ணடிச்ச மாதிரி தோணும். இங்க மட்டும் காப்பி பேஸ்ட் பண்ணுங்க. சீட்டு அச்சடிச்ச பொருள், அதனால அதே படம் அச்சு அசலா ரெண்டு தடவ, ரெண்டாவதுல இமைக்கோடு ஒண்ணு மட்டும் வேற. அவ்வளவுதான், பெருசு பண்ணக்கூடாது.

தமிழ்க் கதைன்னா மொதல்ல கைகாட்டுறது புதுமைப்பித்தனோட 'சிற்பியின் நரகம்'. காவிரிப்பூம்பட்டினத்துல சாத்தன்னு ஒரு சிற்பி, வாழ்க்கை முழுக்க ஒரு நடராசர் சிலைக்கே குடுத்தவன், அது கோயிலுக்குள்ள போகுது. அவனோட கனவுல, கூட்டம் கூட்டமா உருவங்க வந்து எனக்கு மோட்சம் எனக்கு மோட்சம்னு கத்துதுங்க, ஒருத்தராவது நிமிந்து சிலையோட அழகப் பாக்கணுமே. இதுல ரெண்டு பித்து மோதுது, அவனுக்குக் கலை மேல, அவங்களுக்கு மோட்சத்து மேல. காமிக்ஸ்ல பலூன் இடத்த அடைக்கும்ல, அதையே ஆயுதமா எடுங்க. அந்த "மோட்சம்" பலூன் ஒவ்வொரு பேனலா பெருகி, சிலையோட தூக்கின கால மறைச்சு, கைய மறைச்சு, முகத்த மறைச்சு, கடைசியில பேனல் முழுக்க வெறும் எழுத்தாவே ஆகட்டும். வாசகரும் சாத்தன் மாதிரியே, "யோவ் தள்ளுய்யா, சிலையப் பாக்கணும்"னு துடிப்பார். அதுக்கு முன்னாடி ஒரு முழுப் பக்கம் அந்தச் சிலைய உங்க கையால எவ்வளவு அழகா முடியுமோ அவ்வளவு அழகா வரைஞ்சு குடுத்திருக்கணும், இல்லன்னா மறைச்சாலும் யாருக்கும் வலிக்காது. இந்த ஒரு பக்கத்துக்கே ரெண்டு வாரம் ஆனாலும் தப்பில்ல.

மௌனியோட 'அழியாச்சுடர்' பண்ணலாமான்னு நீங்க கேக்கல, ஆனா யாராவது கேப்பாங்க. ஒன்பது வருஷம் முன்னாடி கோயில்ல பாத்த ஒரு பொண்ணு, அவகிட்ட சொன்ன ஒரு வாக்கு, இப்ப ஜன்னல் ஓரத்துல உக்காந்து இலை உதிர்ந்த ஒரு மரத்தையே வெறிச்சுப் பாத்துட்டு இருக்கிற ஒருத்தன். நடக்கிற விஷயம்னு பாத்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம், மிச்சம் எல்லாம் வாக்கியத்தோட மயக்கம். தூண்ல இருக்கிற யாளி எழுந்து நிக்கிற மாதிரி ஒரு இடம் வரும், அத வரைஞ்சா ஃபேன்டஸி ஆயிடும், வரையாம விட்டா கதையே இல்ல. மண்டபத்து யாளி நிறைய ஏற்கனவே பின்னங்கால்ல நின்னுட்டுத்தான் இருக்கும், அதனால எழுந்துச்சுன்னு காட்டவே முன்னாடி நாலஞ்சு பேனல்ல அது எப்படி நின்னுச்சுன்னு வாசகர் கண்ணுல பதிய வச்சிருக்கணும். அந்தப் பொண்ணோட முகத்த வரையவே கூடாது, முதுகு, பின்னல், பிராகாரத்து நிழல், அவ்வளவே. அல்சூர் சோமேஸ்வரர் கோயில்ல விஜயநகரக் காலத்து மண்டபத் தூணுங்க இருக்கு, ஒரு சாயங்காலம் போய் ஸ்கெட்ச் போட்டுட்டு வாங்க, தீபாராதனை நேரத்துல வெளிச்சம் கல்லு மேல எப்படி ஆடுதுன்னு பாத்தீங்கன்னா மௌனி எதப் பத்திப் பேசுறார்னு பாதி புரியும். ஆனா இது மொத புத்தகத்துக்கான கதை கிடையாது.

இன்னொரு காரணமும் இருக்கு. இந்தியாவுல எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட் உண்டு. புதுமைப்பித்தன் 1948ல போயிட்டார், அதனால தாராளமா எடுக்கலாம். மௌனி 1985, 2045 முடியிற வரைக்கும் குடும்பத்துல அனுமதி வாங்காம அச்சடிச்சு விக்க முடியாது. போ, கோகோல், புஷ்கின் எல்லாம் எப்பவோ பொதுச் சொத்து, ஆனா நீங்க படிக்கிற மொழிபெயர்ப்பு யாரோ சமீபத்துல பண்ணதா இருந்தா அந்த வாக்கியங்க அவங்களுது. கேப்ஷன நீங்களே உங்க தமிழ்ல எழுதிக்கோங்க, எப்படியும் அதுதான் நல்லது. புதுமைப்பித்தன் தொகுப்பு கையில இல்லன்னா அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்து லைப்ரரியில தேடிப் பாருங்க. காமிக்ஸுக்கு சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைங்கள அலசுங்க, எப்ப என்ன மாட்டும்னு சொல்ல முடியாது.

லெட்டரிங், அதாவது பக்கத்துல எழுத்து போடுறது பத்தி ஒரு வார்த்தை, இத யாரும் யோசிக்கிறதே இல்ல. தமிழ் எழுத்து இங்கிலீஷவிட அகலம், மேல கொம்பு சுழி, கீழ வால், வரிக்கு வரி இடைவெளி நிறைய விடணும். "பார்த்துக்கொண்டிருந்தான்"னு ஒரு வார்த்தை போட்டா ஒல்லியான பலூன் கிழிஞ்சுடும், நடுவுல உடைச்சா படிக்கவே அசிங்கமா இருக்கும். அதனால மொதல்ல எழுத்த வச்சுட்டு அப்பறம் படம் வரைங்க, படத்த முடிச்சுட்டு மிச்ச இடத்துல எழுத்தத் திணிக்கிறது வேலைக்கே ஆகாது. ஒரு பேனலுக்கு இருபது வார்த்தைக்கு மேல போச்சுன்னா வெட்டுங்க. "நான்" கதைன்னா பேச்சுத்தமிழ்ல எழுதுங்க, கொலை பண்ணவன் "நான் மிகவும் நிதானமாக இருந்தேன்"னு சொன்னா சிரிப்பு வரும், "நான் நிதானமாத்தான் இருந்தேன், பாருங்க"ன்னு சொன்னாத்தான் பயம்.

இப்ப உங்க போ பக்கங்களுக்கு வாங்க. தூக்கிப் போட வேணாம். எல்லாக் கேப்ஷனையும் ஒரு லேயர்ல போட்டிருப்பீங்கல்ல, அந்த லேயர ஆஃப் பண்ணிட்டு, கதையே தெரியாத ஒருத்தர்கிட்ட, ரூம்மேட்டோ மெஸ்ல பக்கத்துல உக்கார்றவங்களோ, குடுத்து என்ன நடக்குதுன்னு கேளுங்க. "ஒருத்தன் கிழவரக் கொல்றான்"னு கதைய கரெக்டா சொன்னாங்கன்னா படம் வெறும் சாட்சியா மட்டும் நிக்குதுன்னு அர்த்தம், அந்தப் பக்கத்த மறுபடி வரையணும். "இவன் எதையோ பாத்துட்டே இருக்கான், என்னன்னு தெரியல, ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்கன்னா அத விட்டுடுங்க, அதுக்கு மட்டும் கேப்ஷன ஆன் பண்ணுங்க. ஏழு ராத்திரிப் பக்கத்த வரைஞ்சுட்டு அனுப்புங்க, மிச்சத்த அதப் பாத்துட்டு சொல்றேன்.